பௌர்ணமியன்று வண்டி ஓட்டியவன்

எழிலரசன் கனடா போவதற்கு இரண்டே இரண்டு பாக்கி இருந்தன. ஒன்று, போலீஸ் சர்டிபிகேட். இன்னொன்று, அவனுடைய சொந்த டிரைவிங் லைசென்ஸ்.

போலீஸ் சர்டிபிகேட்டுக்கு மனு போட்டாகிவிட்டது. லைசென்ஸ், முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது.

அந்த ஆலையில் அதுதான் வழக்கம். வேலைக்குச் சேரும் அன்றே டிரைவர் தன் ஒரிஜினல் லைசென்ஸை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். வண்டியில் ஜெராக்ஸ் இருக்கும். வழியில் யாராவது மடக்கினால் ஜெராக்ஸைக் காட்டி முதலாளி பெயரைச் சொன்னால் போதும். நல்ல டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஆலைக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. எழிலரசன் அதை ஒருநாளும் தவறாக நினைத்ததில்லை. வீட்டில் வைத்தால் தொலைந்து போகும், முதலாளியிடம் இருந்தால் பத்திரம் என்றுகூட நினைத்திருக்கிறான்.

முதலாளி இராஜமாணிக்கத்துக்கு ஆரணி கடைவீதியில் பட்டு ஜவுளிக்கடை. பட்டில் வந்த பணத்தில் களம்பூரில் அரிசி ஆலை வாங்கினார். ஆலைக்கு லாரிகள் வாங்கினார். ஒரே மகன் சதீஷுக்கு வெள்ளைக் கார் வாங்கிக் கொடுத்தார். எழிலரசன் ஒன்பது வருடமாக அவருடைய லாரியில் பெங்களூருக்கு அரிசி ஏற்றிப் போகிறவன். கார் டிரைவர் இல்லாத நாட்களில் காரையும் ஓட்டுவான்.

கனடா சமாச்சாரம் போன வருடம் பெங்களூர் லாரி ஷெட்டில் காதில் விழுந்தது. அங்கே கோதுமை விளைகிற ஒரு மாகாணத்தில் லாரி ஓட்ட ஆளில்லையாம். கம்பெனி ஆளைத் தேர்வு செய்தால், மாகாணமே அவன் பெயரைப் பரிந்துரைத்து விசாவுக்கு எழுதுமாம். குடும்பத்தோடு போகலாம். எழிலரசன் ஒரு வருடம் இங்கிலீஷ் படித்தான். லாரியில் பாட்டு கேசட்டுக்குப் பதில் இங்கிலீஷ் கேசட் ஓடியது. வீட்டு லோனுக்கு என்று பொய் சொல்லி ஆலையில் சர்வீஸ் லெட்டர் வாங்கினான்.

"சஸ்காச்சுவான்" என்று மனைவி அன்புச்செல்விக்கு அந்த மாகாணத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தான்.

"ஊர் பேரே வாய்ல நுழையல. நாம எப்படி அந்த ஊருக்குள்ள நுழையறது?" என்றாள் அவள். ஆனால் சித்திரை வெயிலில், அவர்கள் ஊரான சேவூர் முழுக்கச் சிரிக்கும்படி, மூன்று பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கி வைத்துவிட்டாள். மூன்றாவது ஸ்வெட்டர் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பரிமளாவுக்கு.

சித்திரை பௌர்ணமியன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு மைதானத்தில் கம்பெனிக்காரர்கள் டெஸ்ட் வைத்தார்கள். கழுத்தில் ஈரத் துண்டு போட்டிருந்த ஒரு வெள்ளைக்கார மேனேஜர் காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து அவனை ஓட்ட வைத்தார். இருட்டிய பிறகும் விடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி வீடியோ பிடித்தார். அன்றைக்கு முதலாளியிடம் லீவு கேட்டபோது எழிலரசன் சொன்ன காரணம், திருவண்ணாமலை கிரிவலம்.

ஆரணியில் பௌர்ணமிக்கு அந்தக் காரணம் சொன்னால் எந்த முதலாளியும் மறுக்க மாட்டார்.

இப்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இனி மறைக்க முடியாது. ஒரிஜினல் லைசென்ஸை எடுத்துக்கொண்டு சென்னை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எழிலரசன் கடைவீதிக்குப் போய், செருப்பை வெளியே விட்டுவிட்டு, இராஜமாணிக்கத்தின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். டெஸ்ட் நடந்த தேதியை மட்டும் சொல்லவில்லை. பௌர்ணமி பொய் வெளியே வருமே என்ற கூச்சம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். இராஜமாணிக்கம் சிரித்தார்.

"உக்காரு எழிலு."

ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை.

"பரவால்லங்க, நிக்கறேன்."

"உக்காருன்றேன். நம்ம ஆளு ஃபாரின் போறான்னா எனக்குத்தானே பெரும? டேய், ரெண்டு காபி சொல்லு!"

எழிலரசன் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான். காபி வந்தது.

"லைசென்ஸ் வேணுங்க மொதலாளி. ஜல்தியா வரச் சொல்லிகீறாங்க."

"பொட்டி சாவி சதீஷ் கிட்ட கீது. அவன் பெங்களூர் போயிகீறான். வெள்ளிக்கெழம வா." அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஆமா, பௌர்ணமிக்குக் கிரிவலம் போனியே, நல்லா நடந்தியா?"

"நடந்தேங்க."

"யாரு கூட?"

"தனியாத்தாங்க."

"தெரிஞ்சவங்க யாரையாச்சும் பாத்தியா?"

"அவ்ளோ ஜனத்துல யாரைங்க பாக்கறது?"

"அதானே" என்றார் இராஜமாணிக்கம். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எழிலரசனுக்கு அது ஏன் என்று புரியவில்லை. எழுந்து வரும்போது சரிகை பார்டர் போட்ட பட்டு வேட்டி ஒன்றைக் கையில் வைத்து அழுத்தினார். "இத்த கட்டிக்கினு ஏரோபிளேன் ஏறு."

வெள்ளிக்கிழமை போனான். சதீஷ் வரவில்லை என்றார்கள். அடுத்த செவ்வாய் போனான். பெட்டிப் பூட்டு ரிப்பேர் என்றார்கள். ஆலை ஷெட்டில் வெள்ளைக் கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, "பெயின்டிங்குக்குப் போயிகீது" என்று வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத கார்.

சேவூர் பஸ் ஸ்டாப்பில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பழனி, எழிலரசனுக்கு முன்னால் அதே முதலாளியிடம் டிரைவராக இருந்தவன். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கதையைக் கேட்டான்.

"உக்காரச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"காபி?"

"குடுத்தாரு. பட்டு வேட்டி கூட குடுத்தாருணா."

பழனியின் கை நின்றது. டியூப்பிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"எனக்கு வேட்டி குடுக்கல. காபி மட்டுந்தான். அப்ப அந்த சதீஷுக்கு லைசென்ஸ் எடுக்கற வயசு கூட இல்ல. அப்பன் புல்லட்ட எடுத்துக்கினு போயி ஒரு பொம்பள மேல மோதித் தூக்கிட்டான். 'பழனி, ஒன் பேரச் சொல்லிக்கறேன். சாயங்காலம் பெயில்ல வந்துருவே'ன்னாரு. எத்தினி வருஷ சோறு? சரின்னேன். ஜெயிலுக்குப் போயி திரும்பி வந்தா, ஒருத்தன் லாரி சாவி தரல. ஆள கொன்ன டிரைவராம்."

"எங்கிட்ட அவரு ஒண்ணுமே கேக்கலியேணா?"

"அதான்டா எனக்கு பயமா கீது" என்றான் பழனி. "எங்கிட்டயாச்சும் கேட்டாரு."

அந்த வார்த்தை எழிலரசனை வீடு வரை துரத்தியது. அன்புச்செல்வி ராட்டினத்தில் தறிக்காரர் வீட்டுக்குப் பட்டு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் வந்து நின்றது. ஏட்டு ராஜவேலு. பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து வந்த விசாரணைப் பேப்பரைக் கையில் வைத்திருந்தார்.

"எழிலரசன், தகப்பன் பேரு காத்தவராயன். நீதானே?"

"ஆமாங்க சார். உக்காருங்க. டீ போடச் சொல்றேன்."

ராஜவேலு உட்காரவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, ஒனக்கு நெஞ்சழுத்தமா, இல்ல நெஜமாவே தெரியாதா? ஒன் மேல கேஸ் இல்லன்னு சர்டிபிகேட் கேட்டுகீற. ஒன்ன தேடிக்கினு இன்னொரு ஸ்டேஷன்லேர்ந்து பேப்பர் வந்து ஒரு வாரம் ஆவுது."

ராட்டினம் நின்றது.

"இன்னா கேஸு சார்?"

"வெம்பாக்கம் ரோட்ல ஆக்சிடென்ட். வெள்ள காரு. சைக்கிள்ல பால் கேன் கட்டிக்கினு வந்த பெரியவரு, ரங்கசாமின்னு பேரு, அதே எடத்துல முடிஞ்சிட்டாரு. வண்டி நிக்காம போயிட்ச்சி. அப்புறம் நம்பர வெச்சிப் புடிச்சாங்க. காஞ்சிபுரத்துல பொடவ எறக்கிட்டு வந்தது டிரைவர் எழிலரசன்னு ஒங்க மொதலாளி எழுதிக் குடுத்துகீறாரு. ஒன் ஒரிஜினல் லைசென்ஸயும் குடுத்துகீறாரு. டிரைவர் பயந்துகினு கீறான், திங்கக்கெழம நானே கூட்டியாந்து ஆஜர் பண்றேன்னு சொல்லிகீறாரு."

"என்னிக்கு சார் நடந்திச்சி?" என்று கேட்டது அன்புச்செல்வி.

"சித்ரா பௌர்ணமி அன்னிக்கிம்மா. ராத்திரி ஏழு மணி இருக்கும்."

ராஜவேலு பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பிறகு எழிலரசனுக்குத் திடீரென்று உயிர் வந்தது. "நான்தான் அங்க இல்லியே! ஏழு மணிக்கு அந்த வெள்ளக்காரன் பக்கத்துல உக்காந்துகினு ரிவர்ஸ் எடுத்துகினு இருந்தேன். வீடியோவே கீது!"

செருப்புகூடப் போடாமல் களம்பூர் ஆலைக்குப் போனான்.

இராஜமாணிக்கம் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பௌர்ணமியன்று அவன் கிரிவலம் போகவில்லை, டெஸ்ட் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று கேட்டபோது மட்டும் அவருடைய கால் ஆட்டம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"அப்ப, சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லி லீவு வாங்கிகீற."

"அது தப்புதாங்க. ஆனா..."

"சரி வுடு. இப்ப இன்னா செய்யப் போற?"

"கம்பெனிக்காரங்க கிட்ட எழுதி வாங்கிப் போலீஸ்ல குடுப்பேங்க."

"குடு" என்றார் இராஜமாணிக்கம். "இன்னான்னு எழுதி வாங்குவ? நானே சொல்றேன், எழுதிக்க. 'துரை, கார் ஏத்தி ஒரு கெழவன கொன்னுட்டு நிக்காம ஓடிட்டேன்னு எம்மேல கேஸு. அன்னிக்கி நான் ஒங்க கூடத்தான் இருந்தேன், சாட்சி சொல்லுங்க.' படிச்சிப் பாத்துட்டு, எழிலரசா வாப்பா, இந்தா லாரி சாவின்னு குடுப்பானா?"

 இதை எழிலரசன் யோசித்திருக்கவில்லை.

"அங்க பத்து ஆளு லைன்ல நிப்பான் எழிலு. கேஸ் இருக்கற ஒருத்தன எதுக்கு எடுக்கறான்?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் சொல்றத கேளு. திங்கக்கெழம எங்கூட வா. அன்னிக்கே பெயில். கேஸு இழுத்துகினு போவும். ஒன் சர்டிபிகேட்டு சுத்தமா வர்றதுக்கு நான் ஆச்சு. நீ பாட்டுக்குக் கெளம்பிப் போயினே இரு. சதீஷுக்கு ஆடி கழிஞ்சி கல்யாணம் வெச்சிகீறேன். பொண்ணு வூட்டுக்காரங்க பெரிய எடம்."

"நான் மாட்டேன்னா?"

"விசா குடுக்கறதுக்கு முன்னாடி கனடாக்காரன் எனக்குப் போன் போடுவானாமே. இவன் ஒங்க கிட்ட லாரி ஓட்னானான்னு கேப்பானாம். நான் இன்னா சொல்லட்டும்? நீயே சொல்லு."

அவர் எழுந்து, அவன் தோளில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எழிலரசனின் பேச்சு மாறியிருந்தது.

"அவர் சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான் செல்வி. எழுதிக் கேட்டா கனடா நிச்சயமா போச்சு. ஒத்துக்கினா போறதுக்கு ஒரு வழி கீது. கேஸு நடக்கறதுக்குள்ள பறந்துடலாம்."

"பறந்து?"

"அங்க போயிட்டா அவரால இன்னா பண்ண முடியும்?"

"அங்க ஒரு போன் போட முடியும்" என்றாள் அன்புச்செல்வி. "எப்ப வேணா போட முடியும். ஒங்க டிரைவர் ஆள கொன்னுட்டு வந்தவன்னு சொல்ல முடியும். ஆஜரானவன் கையில பாஸ்போர்ட்ட போலீஸ் வுட்டு வெக்குமா? அவரு பேச்ச நம்பி லைசென்ஸ குடுத்த. இப்ப பேரயும் குடுக்கப் போறியா?"

அவள் அதோடு விடவில்லை.

"அந்தப் பெரியவர் பொண்டாட்டி கீறா இல்ல? அவ தெனம் ஒன் பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்துவா. எம் பொண்ணு தலையில வந்து வுழும்யா அது. நீ செய்யாததுக்கு."

மறுநாள் காலை இருவரும் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். அதை நடத்தும் பானுப்ரியாதான் எழிலரசனின் கனடா மனுக்கள் எல்லாம் அடித்துக் கொடுத்தவள். கம்பெனிக்கு எழுத வேண்டிய விஷயத்தைக் கேட்டதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, இத்த அனுப்பினா திரும்ப எடுக்க முடியாது. தெரியும் இல்ல?"

எழிலரசன் மனைவியைப் பார்த்தான். "அனுப்பும்மா" என்றான். 

பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் யாரோ ஒருவன் அவர்கள் தெருமுனையில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு நின்றான். எதுவும் கேட்கவில்லை. அன்புச்செல்வி தண்ணீருக்குப் போனால் பார்த்தான். பரிமளா விளையாடப் போனால் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பரிமளாவைக் களம்பூரில் அக்கா வீட்டில் விடலாம் என்று நினைத்து, களம்பூர் என்றதும் பயந்து, கடைசியில் பழனி வீட்டில் விட்டார்கள்.

அன்று மாலை பானுப்ரியா கடையைப் பாதி சாத்திக்கொண்டு பதிலைப் படித்துச் சொன்னாள். இரண்டு பாராக்கள்.

குறிப்பிட்ட தேதியில் எழிலரசன் காலை முதல் இரவு எட்டரை மணி வரை எங்கள் பார்வையிலேயே இருந்தார், வீடியோ பதிவு உள்ளது, எந்த அதிகாரி கேட்டாலும் அனுப்பத் தயார் என்றது முதல் பாரா. மரண விபத்து வழக்கில் அவர் பெயர் இருப்பதால், அது முடியும் வரை மாகாணத்துக்கு அனுப்பிய பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறோம், வருந்துகிறோம் என்றது இரண்டாவது பாரா.

"மொத பாராவ மட்டும் தனியா எடுத்துத் தரட்டா அண்ணா?" என்று கேட்டாள் பானுப்ரியா.

"ரெண்டும் இருக்கட்டும்மா. எதையும் மறச்சாப்ல இருக்கக் கூடாது."

திங்கட்கிழமை காலை, இராஜமாணிக்கத்தின் ஆள் அழைக்க வருவதற்கு முன்பே, அவர்கள் முதல் பஸ்ஸில் டி.எஸ்.பி. ஆபீசுக்குப் போய்விட்டார்கள். மதியம் வரை காக்க வைத்தார்கள். டி.எஸ்.பி. பேப்பரை இரண்டு முறை படித்தார். உதட்டைப் பிதுக்கினார். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, கேஸ் கட்டோடு வரச் சொன்னார். பிறகு எழிலரசனைப் பார்த்தார்.

"அப்ப வண்டிய ஓட்டினது யாரு?"

"மொதலாளி பையன் சதீஷுங்க. அந்தக் கார அவரத் தவிர யாரும் ராத்திரில எடுக்க மாட்டாங்க."

"கோர்ட்ல வந்து சொல்வியா?"

எழிலரசன் தயங்கினான். அன்புச்செல்வி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"சொல்றேங்க."

"ஒம் பேர எடுத்துடறோம். ஆனா இனிமே நீ சாட்சி. கேஸு முடியற வரைக்கும் கூப்பிட்டப்பல்லாம் வரணும். உள்ளூர்லயே இரு. வெளிநாடு, கிளிநாடுன்னு எங்கயும் கெளம்பிடாத."

"எத்தினி நாள்ங்க ஆவும்?"

டி.எஸ்.பி. அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார். "யாருக்குத் தெரியும்? அஞ்சு வருஷமும் ஆவலாம். பாத்து இருங்க" என்றார், தலை நிமிராமல்.

வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. எதிர்ப்புறம் புளியமரத்தடியில் பஸ் ஸ்டாப். வேறு யாரும் இல்லை. எழிலரசன் பேப்பரின் நகலை மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.

"பேரு போச்சுன்னு சொல்ல ஒருத்தனும் கெடையாது இனிமே" என்றாள் அன்புச்செல்வி. அதைத் தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

ஆபீஸ் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கறுப்பு ஜீப் மெல்ல வந்து அவர்கள் முன்னால் நின்றது. முன் சீட்டில் இராஜமாணிக்கம். பின்னால் இரண்டு பேர். அவர்களில் ஒருவன் தெருமுனையில் பைக்கில் சாய்ந்து நின்றவன்.

இராஜமாணிக்கம் கண்ணாடியை இறக்கினார். கோபமே இல்லாத முகம்.

"எழிலு, வெயில்ல ஏன் நிக்கற? வூட்டுக்குத்தானே? ஏறு. நீயும் ஏறும்மா."

பின் கதவு உள்ளிருந்து திறந்தது.

"பஸ் வரும்ங்க" என்றான் எழிலரசன்.

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு பஸ் கெடையாது. விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

எழிலரசன் டி.எஸ்.பி. ஆபீஸ் வாசலைப் பார்த்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நிழல் தேடி உள்ளே போய்விட்டிருந்தார். அன்புச்செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரடி பின்னால் இழுத்து, புளியமரத்தின் அடிமரத்தில் முதுகு முட்டும்படி நின்றாள்.

"நாங்க பஸ்லயே வர்றோம். நீங்க போங்க" என்றாள் சத்தமாக. ஆபீசுக்குள் கேட்கட்டும் என்று இன்னும் ஒருமுறை, அதைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

இராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். "நல்லது. நாங்களும் வெயிட் பண்றோம். ஒண்ணா போவலாம்."

ஜீப் டிரைவர் இன்ஜினை அணைத்தான். திறந்த கதவை யாரும் சாத்தவில்லை.